கட்டிலுக்கு மேலே கொதித்த தண்ணீர்

இன்று காலை குளிப்பதற்காகக் கொதிநீரைப் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றினேன். அடியிலிருந்து ஒரு வாடை எழுந்தது. சூட்டில் பிளாஸ்டிக் இளகும்போது வருகிற, தொண்டையைக் கீறும் வாடை. கேத்தலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். 

நீ போன பிறகு நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

ரொறன்ரோவிலிருந்து நீயும் உன் மனைவி சாந்தியும் திரும்பி, ஹந்தானை மலையில் அந்தப் பழைய வீட்டை வாங்கியபோது சிரிக்காதவர்கள் குறைவு. கண்டிக் குளிருக்கு வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு! சமையலறைக்குப் பின்னால் விறகில் எரியும் கொதிகலன். அதிலிருந்து அறை அறையாகச் சுடுநீர் ஓடித் திரும்பும் குழாய்கள். சுவருக்குச் சுவர் நீ கப்பலில் கொண்டுவந்த இரும்பு ரேடியேட்டர்கள். குழாய் வாங்க அக்குறணைக்கு நாம் போனபோது கடைக்காரர் கேட்டார்: "ஊட்டையே புட்டு மாதிரி அவிக்கப் போறீங்களா, சேர்?" நீயும் சேர்ந்து சிரித்தாய். மழைக்காலத்தில் உன் மனைவியின் மூட்டுகள் வீங்கி, அவளால் கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் போவதை நீ அவரிடம் சொல்லவில்லை.

சிரித்தாயே தவிர, அந்த ஏற்பாட்டுக்கு நீ பயந்தாய். சூட்டில் பெருகும் தண்ணீர் மேலேறித் தங்குவதற்காகப் படுக்கையறைக் கூரைக்குள் ஒரு பிளாஸ்டிக் தாங்கி வைத்திருந்தாய். அதற்கு நேர் கீழேதான் அந்த அறையின் மிகச் சூடான மூலை. கட்டிலை அங்கே போடச் சொல்லிச் சாந்தி கெஞ்சினாள். நீ யன்னலடியில் போட்டாய்.

"கனடாவிலயும் பயம், இஞ்ச வந்தும் பயம். இந்த மனுசனோட என்னெண்டு சீவிக்கிறது, அண்ணா?" என்று என்னிடம் முறையிட்டாள்.

"விடுங்க சாந்தி, பயந்தா பயந்துட்டுப் போறான். நீங்க ரெண்டு போர்வையா போத்திக்கங்க," என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "மச்சான், விறகு அடுப்பு சுவிச்சைத் தட்டினா நிக்காது. சூடு போறதுக்கு ஒரு வழி எப்பவும் திறந்து கிடக்கவேணும்." மற்ற ரேடியேட்டர்களில் கையால் திருகி மூடும் குமிழ் இருந்தது. குளியலறையில் இருந்ததற்கு மட்டும் அதை நீ வைக்கவில்லை. துவாய் காயும் அந்த இரும்பு எப்போதும் சுட்டுக்கொண்டிருக்கும்.

சென்ற ஆண்டு உன் இதயம் நின்றது. ரொறன்ரோவிலேயே தங்கிவிட்ட உன் மகன் வந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்தான். தாய் தனியே விறகுக்கு அல்லாடக் கூடாது என்று, திரும்பிப் போகுமுன் ஆள் பிடித்து அறைக்கொரு மின்வால்வு பூட்டுவித்தான். அறை சூடானதும் வால்வு தானாக மூடிக்கொள்ளும்; விறகு குறைவாகச் செலவாகும். அவன் அங்கிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம். நல்ல பிள்ளை. குளியலறைக்கும் ஒன்று பூட்டுவித்தான். அம்மா கேட்டாள் என்று கட்டிலையும் அந்தச் சூடான மூலைக்கு நகர்த்திக் கொடுத்தான்.

மார்கழி மழையில் ஒரு பிற்பகல் சாந்தி அழைத்தாள். "அண்ணா, பொயிலர் இடிக்குது. ஆரோ உள்ளுக்க இருந்து சுத்தியலால அடிக்கிற மாதிரி."

"பயப்படாதீங்க, வர்றேன்."

ஓட்டோவை விட்டு இறங்கும்போதே சத்தம் கேட்டது. அலுமாரியில் கோப்பைகள் கிலுகிலுத்தன. கொதிகலன் நிறைய விறகு போட்டுவிட்டு வேலைக்காரப் பெண் காலையிலேயே போயிருந்தாள். சாந்தி கட்டிலில் கிடந்தாள். உன் மகனை அழைத்தேன். நித்திரைக் குரலில் சொன்னான்: "அங்கிள், எல்லா அறையும் பச்சையாக் காட்டுது. எல்லாம் நல்லாச் சூடாயிட்டுது. ஒரு பிரச்சினையும் இல்லை."

நீ செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் குழாய்களைத் தொட்டேன். கொதிகலனை விட்டுப் புறப்படும் குழாயில் விரல் வைக்க முடியவில்லை. திரும்பி வரும் குழாய் குளிர்ந்து கிடந்தது. தண்ணீர் எங்கோ தடைப்பட்டிருந்தது. குளியலறைக்கு ஓடினேன். எப்போதும் சுடும் ரேடியேட்டர் ஆறிக் கிடந்தது. அதன் அடியில் வெள்ளைப் பெட்டியோடு புது வால்வு. அப்போதுதான் விளங்கியது. எல்லா அறைகளும் சூடாகி, எல்லா வால்வுகளும் மூடிக்கொண்டுவிட்டன. அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, முகட்டால ஒழுகுது," என்று சாந்தி குரல் கொடுத்தாள். சற்றுப் பொறுத்து, "மழைத் தண்ணி ஏன் சுடுது?" என்றாள்.

அறைக்குள் அந்த வாடை நிறைந்திருந்தது. கட்டிலுக்கு மேலே கூரைப் பலகை வயிறு தள்ளியிருந்தது. கொதித்த தண்ணீர் வேறு போக்கிடம் இல்லாமல் தாங்கிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. சாந்தியை மெத்தையோடு சேர்த்துக் கீழே இழுத்தேன். "ஐயோ, என்ர முழங்கால்!" என்று கத்தினாள். நான் நிற்கவில்லை. விறாந்தைவரை இழுத்துவந்து கதவைச் சாத்தினேன்.

மறுபடி குளியலறைக்குள் போனேன்.  வால்வுப் பெட்டியின் பக்கவாட்டில், கையால் திறப்பதற்கென்று ஒரு சிறு பிடி இருந்தது. அதைத் தள்ளினேன். குழாய் முழுவதும் உதறியது. வெடிக்கப் போகிறது என்றே நினைத்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். வெடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரும்பின் ஓரத்தில் இளஞ்சூடு ஏறியது. இடி ஒவ்வொன்றாகத் தேய்ந்தது.

மறுநாள் ஆள் ஏறிப் பார்த்தபோது, தாங்கியின் அடி இளகிப் பைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. சாந்தியின் தலையணை கிடந்த இடத்துக்கு நேர் மேலே.

குளியலறை வால்வைக் கழற்றிவிட்டோம். இரும்புத் தாங்கி செய்வித்து வீட்டுக்கு வெளியே வைத்தோம். உன் மகன் போனில் அழுதான். கண்டிக்கு இறங்கி வந்துவிடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சாந்தி கேட்கவில்லை. "அவர் எனக்கெண்டு செய்தது, அண்ணா. இதை விட்டிட்டு நான் எங்க போறது?"

மழை பெய்யும் பிற்பகல்களில் இப்போது நான் அவளை அழைக்கிறேன். குளியலறை சுடுகிறதா என்று கேட்கிறேன். "அவற்ர வருத்தம் உங்களுக்கும் தொத்தீற்றுது," என்று ஏசிவிட்டு, போனை மேசையில் வைத்துவிட்டுப் பார்க்கப் போவாள். ஊன்றுகோல் சத்தம் மெல்ல விலகும். பிறகு ஒன்றும் கேட்காது. அவள் திரும்பி வந்து "சுடுது" என்று சொல்லும்வரை என்னால் உட்கார முடிவதில்லை. நீ அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் இருந்திருக்கிறாய். நாங்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தோம்.

இந்தப் பயத்தை இறக்கிவைக்க எனக்கு மனமில்லை. அவள் அங்கே இருக்கும்வரை இது என்னிடம் இருக்கட்டும்.