கட்டைவிரல் என்ன பாவம் செய்தது?

மார்ச் 3

இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். முடிதிருத்தும் பெண்ணின் இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு அனுமதி இல்லையாம். கண்ணாடி கிழித்து அறுந்த தசைநாரை முன்பே தைத்தாயிற்று. இப்போது அது தழும்போடு ஒட்டிக்கொண்டதால் விரல் மடங்கவில்லை, பிரித்துவிட வேண்டும். அவர்கள் சொல்வது: முதல் சிகிச்சை நடுவிரலுக்கு, இப்போது கேட்பது மோதிர விரலுக்கு, ஆகவே இது வேறு காயம்.

ஆஸ்பத்திரியில் காயத்துக்கும் சிகிச்சைக்கும் இன்சூரன்ஸ் குறியீடு போடுகிற எங்கள் பிரிவின் வாசலில் நின்று அழுதாள். கத்தரிக்கோல் வளையத்துக்குள் போகிற விரலே அதுதானாம். "மடங்கலன்னா காலம் பூரா சீப்பு கழுவ வேண்டியதுதான்க்கா."

மார்ச் 4

பழைய அறுவைக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 'வலது கை, மூன்றாவது விரல்.' எங்கள் பிரிவில் கட்டைவிரலிலிருந்து எண்ணி, நடுவிரலுக்கான குறியீட்டைப் போட்டிருக்கிறார்கள். போட்டது நானில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் போட்டிருப்பேன்.

எழுதிய டாக்டரம்மாவிடமே போனேன். முன்கோபி. நான் மட்டும் என்னவாம்?

"மூணாவதுன்னா மோதிர விரல்தானே! ஆள்காட்டி, நடு, மோதிரம்."

"கட்டைவிரல் என்ன பாவம் செஞ்சுது டாக்டர்?"

"அது கணக்குல வராதும்மா."

"பேர்லயே விரல் இருக்கே!"

முறைத்தார். பிறகு தன் கையை விரித்துப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது மனுஷிக்கு.

மார்ச் 5

பழைய வரியை அடித்துத் திருத்தக் கூடாது, பித்தலாட்டமாகிவிடும். இன்றைய தேதி போட்டுத் தனியாக எழுதிக் கொடுத்தார்: 'காயம் வலது மோதிர விரலில். மூன்றாவது என்றது கட்டைவிரலைச் சேர்க்காமல்.' குறியீட்டை மாற்றி மறுபடி அனுப்பினேன்.

மார்ச் 11

இன்சூரன்ஸ்காரர்கள் நம்பவில்லை! மறுத்த பிறகு வந்த திருத்தமாம், சந்தேகமாம். நான் என்ன கதையா கட்டுறேன்? வீட்டுக்கு வந்து கணவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், சாப்டியான்னுதான் கேட்டார்.

உங்கள் மருத்துவரே கையைப் பார்க்கட்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 17

ஜெயித்தோம்! ஜெயித்தோம்!

அவர்கள் மருத்துவர் வீடியோவில் வந்தார். அவள் கையை நீட்டினாள். மோதிர விரலில் நீளத் தழும்பு; நடுவிரலில் ஒரு கீறல்கூட இல்லை. "நடுவிரலை மடக்குங்க." மடங்கியது. "அடுத்த விரல்?" விறைத்துக்கொண்டு நின்றது.

"நாங்க கட்டைவிரல்லேர்ந்து எண்ணிட்டோம்" என்றார்.

"எண்ணாதவங்க ஒருத்தர்தான் சார்" என்றேன். பக்கத்தில் டாக்டரம்மா இருமினார்.

அனுமதி கிடைத்துவிட்டது. அவள் என்னைக் கட்டிக்கொண்டதில் என் மூக்குக்கண்ணாடி எகிறி விழுந்தது. விழட்டும்!

மார்ச் 18

டாக்டரம்மாவின் சுற்றறிக்கை: இனி விரலுக்கு எண் வேண்டாம், பெயர் எழுதவும்.

ஜூலை 9

அந்தப் பெண்ணிடம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். எனக்கு முன்னால் நாற்காலியில் டாக்டரம்மா, கழுத்தைச் சுற்றித் துணியோடு. கத்தரிக்கோல் அவர் காதோரம் சரக் சரக்கென்று போய் வந்தது. வளையத்துக்குள் மோதிர விரல், அழகாக மடங்கி.

"தலைய ஆட்டாதீங்க டாக்டர்" என்று அதட்டினாள்.

அவரும் ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார்.