குதிரைக்கு மாட்டுச் சோளம் விற்றது பற்றி, விற்றவனே தரும் புகார்

அனுப்புநர்:
ரா. தனசேகரன் (வயது 52),
தீவனக் கடை, பேருந்து நிறுத்தம் எதிரில்,
சந்தவாசல்.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை,
போளூர்.

பொருள்: ஜவ்வாது மலை முனிசாமியின் குதிரை இறந்தது – பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் – என் பொய் வாக்குமூலத்தை நீக்கி, என் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

இதற்கு முன் தங்களுக்கு நான்கு மனுக்கள் அனுப்பியிருக்கிறேன். நான்கும் அடுத்தவர்கள் மீது. இது என் மீது என்பதால் கையெழுத்து கோணுகிறது, பொறுத்தருள்க.

1. ஐப்பசி மழையில் கிடங்கு ஒழுகி ஏழு மூட்டை மக்காச்சோளம் நனைந்தது. தார்ச்சாலையில் காயவைத்து, பூஞ்சையைத் தட்டிவிட்டு, புதுச் சாக்கில் கட்டினேன். கெட்டதை ‘மாட்டுக்கு ஆகும்’ என்று சொல்லி விற்பது எங்கள் தொழிலில் வழக்கம். என் பசு தின்றது, பாலும் கறந்தது. அதையே சான்றிதழாக வைத்துக்கொண்டேன்.

2. சாலையில்லாத மலையூர்களுக்கு ரேஷன் அரிசியைக் குதிரையில் கொண்டுபோகும் முனிசாமி தீனி வாங்க வந்தார். “வாசன ஒரு மாதிரி கீதுண்ணா” என்றார். “மாடு தின்னுது, குதிர தின்னாதா? அதுக்கும் நாலு காலுதானப்பா” என்றேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு மூட்டை ஏற்றிவிட்டேன்.

3. மூன்றாம் வாரம் அந்தக் குதிரை, வடிவு என்று பெயர், கண் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து, புளியமரத்தில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றதாம். மறுநாள் விழுந்தது, எழவில்லை.

4. கால்நடை மருத்துவர் விசாரிக்க வந்தபோது, கேட்பதற்கு முன்பே, முனிசாமி அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவார் என்று சொல்லிச் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். நான் அதைப் பார்த்ததே இல்லை. ஏற்றத்தில் குதிரை திணறினால் பாதி மூட்டையை அவரே தலையில் சுமப்பாராம். அவர் மனைவி ரத்தினம்மாள் சொன்னார்.

5. பூஞ்சையின் நஞ்சு தட்டினாலும் காயவைத்தாலும் போகாது, மாடு தாங்குவது குதிரையைக் கொன்றுவிடும் என்று மருத்துவர் போன வாரம் வேறொருவரிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டேன். ஒட்டுக்கேட்பது எனக்குப் பழக்கம்தான். சாப்பாடு இறங்காமல் போனது இதுதான் முதல் தடவை.

6. என் வாக்குமூலத்தால் ரேஷன் சுமக்கும் வேலையை முனிசாமியிடமிருந்து எடுத்துவிடப்போகிறார்கள். திங்கட்கிழமை முடிவு. அவர் மச்சானின் குதிரையை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, நேற்று என் கடைக்கே வந்தார். “வடிவுக்குக் குடுத்த அதே சோளம் குடுண்ணா, அது ஆசயா தின்னுச்சு” என்றார். இருப்பு இல்லை என்றேன். மூட்டைகள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தன. என் பருமன் மறைத்தது. உண்மையைச் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். மூன்று முறையும் “டீ சாப்டுறியா” என்றே வந்தது. மூன்றாவது டீயை அவர் வேண்டாம் என்றார்.

ஆகவே, என் வாக்குமூலத்தை நீக்கி, குதிரை இறந்தது தீனியால்தான் என்று திங்கட்கிழமைக்குள் எழுதித் தரவும், பசு தின்றது போக மீதமுள்ள நான்கரை மூட்டையைக் கைப்பற்றிச் சோதிக்கவும், எனக்குரிய தண்டனையைத் தாமதமின்றி வழங்கவும் வேண்டுகிறேன். தாமதித்தால் எனக்கு நல்ல காரணங்கள் தோன்றத் தொடங்கிவிடும்.

நாள்: 12.12.2024
இடம்: சந்தவாசல்

இப்படிக்கு,
ரா. தனசேகரன்

நகல்: திரு. முனிசாமி அவர்களுக்கு. தபாலில் அல்ல, இன்றே நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.