தலையணையில் வைத்த சந்தோசம்

எங்கடின்
06.07.2024

அன்புள்ள சுகந்தி அக்காவுக்கு,

நீங்கள் சொல்லி எடுத்துத் தந்த ஹொட்டேல் வேலையில் நல்லபடி சேர்ந்துவிட்டேன். நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று சிரிப்பீர்கள். இங்கே வேலையாட்கள் வீட்டில் ஒரு அறைக்கு மூன்று பேர். பக்கத்துக் கட்டில் போர்த்துக்கல் பிள்ளைக்குத் தமிழ் விளங்காது, ஆனால் அழுகை விளங்கும்.

அழுகிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பாடனில் என் கணவரை விட்டுப் பிரிந்து வந்த நாளிலிருந்து எனக்கு எதற்கெடுத்தாலும் பயம், அவ்வளவுதான். அறைகளுக்குப் பொறுப்பான பெண், பிராவ் கமெனிஷ், முந்தித் துன்னில் உங்களோடு வேலை செய்த பழக்கத்தில், என்னை நன்றாகவே நடத்துகிறார். "சுகந்தி அனுப்பின ஆள்" என்றுதான் மற்றவர்களுக்கு என்னைக் காட்டினார்.

ஒரு விசயம் கேட்க வேண்டும். மூன்றாம் மாடியில் ஒரு மனிதர் கோடை முழுக்கத் தங்குகிறார். எந்த நாட்டவரோ தெரியாது, ஆங்கிலம் கதைப்பார். நன்றாக வாரிய நரைத்த தலை, எப்போதும் வெள்ளைச் சேர்ட். ஒவ்வொரு நாளும் தலையணையின் நடுவில் ஐம்பது பிராங் தாள் ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார். மற்ற அறைக்காரர்கள் புறப்படும் நாளில்தான் மேசையில் ஏதாவது சில்லறை வைப்பார்கள். இவர் மறந்து விட்டுவிட்டார் என்று நினைத்து, முதல் நாள் அதை எடுத்து மேசையில் வைத்தேன். அடுத்த நாள் அது திரும்பவும் தலையணையில் இருந்தது. கூடவே ஒரு கடதாசித் துண்டில் என் பெயர். என் சட்டையில் குத்தியிருப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அக்கா, இது சந்தோசமாகத் தந்ததுதானா? எடுக்கலாமா? இந்த நாட்டு முறை எனக்குத் தெரியாது. எடுத்தாலும் பயமாக இருக்கிறது, விட்டாலும் பயமாக இருக்கிறது.

உங்கள் அன்புத் தங்கச்சி
தர்சினி


துன்
10.07.2024

என் அன்புத் தர்சினிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைக் கண்டதும் அத்தான் "இவளுக்கு இன்னும் எழுத்து மறக்கேல்லையடி" என்று சிரித்தார். சாப்பாடு எப்படி, குளிருக்குப் போர்வை காணுமா என்று ஒன்றும் எழுதவில்லையே நீ.

சந்தோசக் காசுக்கு யாராவது பயப்படுவார்களா? இந்த நாட்டில் வேலை செய்கிறவர்களுக்கான கூலி பில்லிலேயே சேர்ந்திருக்கிறது. அதனால் சுவிஸ்காரர் பெரிதாகக் கொடுக்க மாட்டார்கள். நாற்பத்தெட்டு வந்தால் ஐம்பதாக வைத்துக்கொள் என்பார்கள். ஒன்றும் தராமல் எழும்பிப் போனாலும் நாங்கள் முகம் சுளிக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது, தங்கள் ஊர்ப் பழக்கத்தில் அள்ளி வைப்பார்கள். தலையணையில் வைத்தது அறை துப்புரவு செய்கிறவளுக்குத்தான். பெயரும் எழுதியிருக்கிறார், பிறகென்ன? எடு. நன்றி என்று ஒரு துண்டில் எழுதி வை. திருப்பித் திருப்பி வைத்தால் அவமதித்ததாக நினைப்பார்கள்.

எடுத்ததைச் செலவழிக்காதே. ஐப்பசியில் உன் விசா புதுப்பிக்க வேண்டும், அறை பார்க்க வேண்டும். கடை பூட்டுகிற நேரம் போனால் பாணும் யோகட்டும் அரைவிலைக்குக் கிடைக்கும். நானும் அத்தானும் அப்படித்தான் தலை நிமிர்ந்தோம்.

எங்கள் பக்கம் ஒரு புதினம். சுவிஸ் குடியுரிமைக்கு எழுதிப் போட்டோம் அல்லவா, ஆவணியில் கெமைன்டை அலுவலகத்தில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்களாம். அத்தான் இப்போதே மலைகளின் பெயரைப் பாடமாக்குகிறார். எனக்கு நித்திரை இல்லை.

அன்புடன்
அக்கா சுகந்தி


எங்கடின்
22.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி எடுத்தேன். நன்றி என்று எழுதியும் வைத்தேன். அது பிழையாகப் போய்விட்டதோ என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த நாளிலிருந்து நான் துப்புரவு செய்ய வரும் நேரத்தில் அவர் அறையிலேயே இருக்கத் தொடங்கினார். தாளைத் தலையணையில் வைப்பதில்லை, கையில் தருகிறார். ஐம்பது நூறாகிவிட்டது. நேற்று வேண்டாம் என்று தலையாட்டினேன். "இன்னும் கூடவா வேணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார்.

இங்கே குசினியில் தயாபரன் அண்ணை என்று மன்னார்க்காரர் ஒருவர் பாத்திரம் கழுவுகிறார். சாப்பிடும் நேரம் அவரிடம் மெல்லச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, அந்தாள் சாப்பாட்டு மண்டபத்திலை ஒருத்தருக்கும் ஒரு சதம் வைக்கிறேல்லை. கோப்பிக்கு மிச்சச் சில்லறையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போறவர். பரிமாறுற பிள்ளையள் எல்லாம் அவரைக் கஞ்சன் எண்டுதான் சொல்லுறவை. உமக்கு மட்டும் ஏன் அள்ளித் தாறார் எண்டு யோசிச்சுப் பாத்தனீரோ?"

அக்கா, சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

இன்று காலை நான் துப்புரவுச் சாமான் வண்டிலைக் கதவுக்குக் குறுக்கே விட்டுவிட்டு உள்ளே போனேன். அவர் எழும்பி வந்து வண்டிலை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். பூட்டவில்லை. கதிரையைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, நான் கட்டில் விரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "பின்னால் இருக்கிற வீட்டில் பச்சை நிற ஜன்னல், அதுதானே உன்னுடையது?" என்று கேட்டார்.

எங்கள் ஜன்னல் பச்சைதான் அக்கா. அதில் என் கோட்டைத் தொங்கவிட்டு மூடியிருக்கிறேன்.

பிராவ் கமெனிஷிடம் சொல்லட்டுமா? எனக்குச் சரியாக டொச் மொழியில் சொல்ல வராது. உடனே எழுதுங்கள்.

தர்சினி


துன்
25.07.2024

அன்புத் தர்சினி,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அத்தானுக்கு நான் காட்டவில்லை.

ஆனால் அவசரப்பட்டு ஒன்றும் செய்துவிடாதே. பிராவ் கமெனிஷிடம் இப்போது சொல்ல வேண்டாம். அந்த மனிதர் வருசா வருசம் வருகிறவராக இருப்பார். கோடை முழுக்கக் காசு கட்டுகிறவரையா, நேற்று வந்த உன்னையா நம்புவார்கள்? வேலை போனால் விசாவுக்கு எதைக் காட்டுவாய்? நான் சொல்லி வந்த பிள்ளை என்று என் பெயரும் சேர்ந்து அடிபடும். எங்கள் நேர்முகம் வேறு கிட்ட வருகிறது. இந்த நேரத்தில் ஒரு பொலிஸ் கதை, ஒரு முறைப்பாடு என்று எங்கள் பக்கம் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

தந்தால் வாங்கு. வாங்காவிட்டால் கோபம் வரும். சிரித்த முகமாக இரு, ஆனால் கதையை வளர்க்காதே. வேலையைக் கெதியாக முடித்துவிட்டு வெளியே வா. புரட்டாதி முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிரு. பிறகு துன்னுக்கு வா, வேறு இடம் பார்ப்போம். அம்மாளாச்சி துணையிருப்பா.

உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

அக்கா


எங்கடின்
05.08.2024

அக்கா,

இரண்டு தடவை தொலைபேசி எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. வேலையில் நின்றிருப்பீர்கள். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து விளங்காவிட்டால் மன்னியுங்கள்.

சனிக்கிழமை அவர் கதவைப் பூட்டினார். நான் குளியலறையில் துவாய் மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. வெளியே வந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். "இவ்வளவு நாளும் எதற்கென்று வாங்கினாய்?" என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. கடையில் சாமான் வாங்கினவர் கேட்பதுபோலக் கேட்டார். எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, டொச்சும் வரவில்லை. "விடு! விடடா என்னை!" என்று தமிழில் கத்தினேன். கையில் இருந்த சவர்க்காரப் போத்தலால் அவருடைய முகத்தில் அடித்துவிட்டு, திறப்பைத் திருப்பிக் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். துணிகள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். பிராவ் கமெனிஷ் வந்து தட்டியும் கனநேரம் திறக்கவில்லை.

அவரிடம் எல்லாம் சொன்னேன். பாதி கையால்தான் சொன்னேன். ஆனால் அதற்கிடையில் அந்த மனிதர் வரவேற்பில் போய், தன்னுடைய அறையில் காசு களவு போனதாகவும், கேட்டதற்கு நான் அடித்ததாகவும் முறையிட்டுவிட்டார். என் அலுமாரியைத் திறந்தார்கள். அவர் தந்த தாள்கள் முழுவதும் அங்கே ஒரு உறைக்குள் இருந்தன. நீங்கள் செலவழிக்காதே என்றீர்கள், நான் ஒன்றையும் செலவழிக்கவில்லை. இப்போது அதுவே என்னைக் கள்ளி என்று காட்டுகிறது.

வியாழக்கிழமை பொலிசில் என்னை விசாரிக்கிறார்கள். மொழிபெயர்க்க ஆளைத் தொலைபேசியில் எடுத்துத் தருவார்களாம். எனக்கு அது போதாது அக்கா. நீங்கள் வந்து எனக்குப் பக்கத்தில் இருங்கள். உங்களுக்கு நல்ல டொச் தெரியும், பிராவ் கமெனிஷுக்கும் உங்களைத் தெரியும். ஒன்றும் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. கூரில் ரயில் மாறி வந்தால் நான் ஸ்ரேசனில் நிற்பேன்.

கட்டாயம் வாருங்கள்.

தர்சினி


துன்
07.08.2024

அன்புத் தர்சினி,

என்னால் இப்போது வர முடியாது. திங்கட்கிழமை எங்களுக்கு நேர்முகம். பொலிஸ் நிலையத்தில் என் பெயர் ஒரு கடதாசியில் ஏறினாலும் அத்தானின் இவ்வளவு வருசக் கனவும் போய்விடும். உனக்கு இது விளங்க வேண்டும்.

இத்துடன் கொஞ்சக் காசு வைத்திருக்கிறேன். ஒரு வக்கீலைப் பிடி. திருப்பித் தர வேண்டாம். என்னிடம் கேட்டுத்தான் காசை வாங்கினேன் என்று மட்டும் அங்கே சொல்லிவிடாதே.

கோவிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்விக்கிறேன்.

அக்கா


எங்கடின்
21.08.2024

சுகந்தி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை காலை வந்தது. அதை ஸ்ரேசனில் நின்றுதான் வாசித்தேன், ஏனென்றால் நீங்கள் ரயிலில் வந்துவிடுவீர்கள் என்று அங்கே போயிருந்தேன்.

தயாபரன் அண்ணை ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு வந்தார். பொலிஸ் நிலைய வாசலில் நான் நின்றுவிட்டேன். "தங்கச்சி, நீர் உள்ளுக்குப் போம். நான் இந்த வாங்கிலைதான் இருப்பன். எத்தினை மணியானாலும் எழும்ப மாட்டன்" என்றார். நான் திரும்பி வரும்வரை அந்த மர வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார்.

உள்ளே ஒரு பெண் பொலிஸ். மொழிபெயர்ப்பவரின் குரல் தொலைபேசியில் வந்தது. முதல் நாள் மேசையில் எடுத்து வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம் கேட்டதைச் சொல்லவில்லை.

பிறகு பிராவ் கமெனிஷைக் கூப்பிட்டார்கள். அவர் தன் வேலை போய்விடும் என்று பயப்பட வேண்டியவர், ஹொட்டேல் முதலாளியும் வெளியே நின்றார். அவர் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அந்த மனிதர் ஒவ்வொரு காலையும் கீழே வந்து என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று கேட்டாராம். அவளுக்கு நல்ல சந்தோசக் காசு கொடுக்கிறேன், அவளும் சந்தோசப்படுகிறாள் என்று சொன்னாராம். "களவெடுக்கிற பெண்ணை யாரும் தினமும் கேட்டு வாங்குவதில்லை" என்று பிராவ் கமெனிஷ் சொன்னாராம்.

களவு முறைப்பாட்டை அந்த மனிதர் மீளப் பெற்றுக்கொண்டு அடுத்த நாளே ஹொட்டேலை விட்டுப் போய்விட்டார். அன்று நான் சொன்னதை அவர் மேல் என் முறைப்பாடாக எழுதினார்கள், அது நிற்கிறது. அது என்ன ஆகும் என்று தெரியாது. என்னை வேலையால் நிற்பாட்டவில்லை, சலவைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். புரட்டாதி முடிந்ததும் பாடனுக்கே போகிறேன், என் கணவர் இருக்கிற ஊர் என்று இனி ஒதுங்க மாட்டேன். ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் வைத்த காசை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் பயந்ததில் எனக்குக் கோபம் இல்லை. நானும் பயந்துகொண்டுதான் போனேன். இப்போதும் யாராவது கதவைத் தட்டினால் உடனே திறக்க மாட்டேன். ஆனால் அன்று எனக்கு வக்கீல் தேவைப்படவில்லை அக்கா. பக்கத்துக் கதிரை ஒன்று வெறுமையாக இருந்தது, அதை அடிக்கடி பார்த்தேன்.

நேர்முகம் நல்லபடி நடந்திருக்கும். அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இதற்குப் பதில் போட வேண்டாம், நான் இங்கே கனநாள் இருக்க மாட்டேன். பாடன் விலாசத்தை உங்களுக்கு எழுத மனம் வரும் நாளில் நானே எழுதுகிறேன்.

சிவதர்சினி