மூன்றாம் அட்டவணையை நான் திருத்தவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு அப்படியே இருக்க வேண்டும். அப்பாவின் தையல்கடையில் பள்ளிச் சீருடை வேலை மும்முரம், முதுகுவலி என்று முனகிக்கொண்டே தைக்கிறார். அக்கா குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, எல்லோரையும் கடிக்கிறாள், இப்போதைக்கு இந்த வீட்டில் எனக்கு அவளைத்தான் ரொம்பப் பிடிக்கிறது.

போன வாரம் போனில், "போகட்டும்மா, நான் விட்டுட்டேன்" என்றாய். நீ விடலாம், நான் விடவில்லை. உன்னோடு ஆராய்ச்சி செய்கிறவன் என்று நீ அண்ணா அண்ணா என்று நம்பிய அந்தச் சிரித்தமுகம், இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி நர்சுகளைக் கேட்டு நீ எழுதிய கட்டுரையிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டு, நீங்கள் இணையத்தில் சேர்ந்து எழுதிய ஃபைலிலிருந்தே உன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். அவசரத்தில் ஒன்றை மறந்தான். புரூஃப் பார்க்க நீ என்னைச் சேர்த்தது அப்பாவின் கடை மெயிலில். அந்த மெயிலுக்கு அப்பா வைத்திருப்பது கத்தரிக்கோல் படம், அவன் கண்ணுக்கு நான் மேல் மூலையில் அந்தப் படம், அவ்வளவுதான். நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன்.

அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவள் நான், பழைய பிரதியைத் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லை. யார் எந்த நாளில் எந்த வரியை எழுதினார்கள் என்று அந்த ஃபைலே குறித்து வைத்திருக்கிறதே, அதை முழுக்கப் பிரிண்ட் எடுத்து உன் பேராசிரியைக்கு அனுப்பினேன். அவர் கேட்டதற்கு அவன் கூசாமல், "நான் சொல்லச் சொல்ல அவ டைப் அடிச்சா, மேடம்" என்றானாம். அவர் எழுதிய அந்தப் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா, "பாவம், சின்ன வயசு, விட்டுடேன்" என்றார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்புறம்தான் பார்த்தேன். உன்னைத் தள்ளிய பிறகு அவன் மூன்றாம் அட்டவணையை அழகாக்குகிறேன் என்று மறுபடி போட்டிருக்கிறான், புது நர்சு, பழைய நர்சு என்ற இரண்டு பத்தியும் இடம் மாறிவிட்டன. வேலையை விட நினைப்பவர்கள் புது நர்சுகளில் அறுபத்திரண்டு பேர், பழையவர்களில் பத்தொன்பது என்று நீ எழுதியதை மூன்று தடவை படித்தவள் நான். அவன் ஃபைலில் அது தலைகீழாக நிற்கிறது. முப்பது வருஷத்தில் கண்ணில் பட்ட பிழையை நான் விட்டதே இல்லை. இதை விட்டேன். விட்டுவிட்டுப் பேராசிரியைக்கு இரண்டே வரி எழுதினேன், கையில் காகிதம் இல்லாமல் இருவரையும் தனித்தனியாக மூன்றாம் அட்டவணையை விளக்கச் சொல்லுங்கள் என்று. புதன்கிழமை பதினொரு மணிக்கு வைத்திருக்கிறார். நீ எழுதிய சரியான எண்கள் நான் அனுப்பிய பிரிண்டில் அவரிடம் இருக்கின்றன. அவன் தன் தலைகீழ் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு வரட்டும். ஆசை தீரச் செய்யட்டும்.

நீ போகாமல் இருந்துவிடாதே. அழாதே, அவனைத் திட்டாதே, அதுவரை அவனிடம் இதைப் பற்றி வாயும் திறக்காதே. உனக்கு அந்த நர்சுகளின் முகமே ஞாபகம் இருக்கும், அது போதும். என் வயிற்றில் பிறந்தவளே, நீ நன்றாக இருப்பாய், உன் பெயர் அது இருந்த இடத்துக்குத் திரும்ப வரும்.

புதன்கிழமை நானும் அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தக் கத்தரிக்கோல் யாருடையது என்று அவன் கேட்டால், எங்கம்மா என்று சொல்.

உன் அம்மா