சாய்வில்லாத விளக்கு

மலைமேல் இருக்கும் மகராசிக்கு,

இங்கே நானும் சின்னவளும் சௌக்கியம். பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதற்குள் எனக்குப் பாதி உயிர் போகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

கருவி விஷயத்தில் எரிச்சல் தலைக்கேறிக் கிடக்கிறேன். நட்சத்திர ஒளியின் அதிர்வு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளக்க உன் தொலைநோக்கிக்காகச் செய்த கருவி, சாய்வே இல்லாத ஒளி தரும் சோதனை விளக்கைக் காட்டினாலும் ஒளி சாய்ந்திருக்கிறது என்றே சாதித்தது. விளக்கை மாற்றினேன். மோட்டாரைக் கழற்றி மாட்டினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. உன் அண்ணன் பட்டறைக்கு வந்து, ஒரு பல்பை எரியவிட்டு இத்தனை பேர் வேடிக்கை பார்க்கிறீங்களே மாப்பிள்ளை, இதுக்குச் சம்பளம் வேறயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நேற்றுதான் பிடிபட்டது. நம் ஃபிட்டர் அண்ணன் கருவியின் முன்கண்ணாடித் திருகுகளை மூச்சைப் பிடித்து முறுக்கியிருக்கிறார். அந்த அழுத்தத்தில் கண்ணாடியே ஒளியைச் சாய்த்துவிடுகிறது. ஏன் அண்ணே இப்படி என்றால், மேடம்தான் எழுதியிருந்தாங்க, மலைப்பாதை குண்டும் குழியுமா இருக்கு, நல்லா இறுக்கிடுங்கன்னு என்கிறார். உன் அக்கறைக்கு ஒரு கும்பிடு. நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

திருகைத் தளர்த்தியதும் அளவு பூஜ்யத்துக்கு வந்தது. ஆனால் தளர்ந்த கண்ணாடி லாரியின் குலுக்கலுக்குத் தாங்காது. கழற்றித் தனியாக அனுப்பு, அவளே மாட்டிக்கொள்வாள் என்கிறார் நம் குழுத் தலைவர். ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

கருவி நேரத்துக்கு வராவிட்டால், தொலைநோக்கியில் உனக்கு ஒதுக்கிய நாட்களை அடுத்த குழுவுக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு வருஷம் அங்கேயே காத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். இன்னொரு வருஷமாம். படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தைக் கசக்கிவிட்டேன். சின்னவளுக்கு அந்தப் பகுதியை மட்டும் படித்துக் காட்டவில்லை. அம்மா எப்போ வரும் என்று கேட்டாள். சீக்கிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த நாட்களை யாருக்கும் விட்டுக்கொடுத்துவிடாதே. கருவி வந்து சேரும், அது என் பொறுப்பு. நீ ஒன்று மட்டும் செய். கண்ணாடியை மாட்டத் தெரிந்த ஆள் கட்டாயம் கூட வர வேண்டும், தனியாக முடியாது என்று தலைவருக்கு உடனே எழுது. கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடுவாய் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்றே எழுது.

கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு வரத் தயாராக இருக்கும்,
உன் பட்டறைக்காரன்