சொல்லாமல் விட்ட பரமானங்கள்

ஜூன் 17, செவ்வாய்
விடியலிலிருந்தே தூறல். பேராதனையில் பஸ் நெரிசல். முதல் பாடம் போயிற்று.

வெள்ளிக்கிழமை கம்பியூட்டர் பாடம் எடுக்கும் பரீனா மிஸ்ஸுக்கு எங்கள் குழுவின் செயலியைக் காட்ட வேண்டும். தெரிவாகும் குழு மாகாணப் போட்டிக்கு. தெரிவாகாவிட்டால்? அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த தவணை தெல்தோட்டையிலயே படி. தெனம் கண்டிக்கு அலைஞ்சது போதும்." இங்கே எங்கள் ஊர்ப் பாடசாலையில் கம்பியூட்டர் பாடத்துக்கு ஆசிரியரே இல்லை.

செயலி பாடசாலை அறிவிப்புகளைப் பேசும். கொட்லின் என்ற நிரல்மொழியில் ஒரு சார்பு (function), அதற்குக் கொடுக்க மூன்று பரமானங்கள்: செய்தி, மொழி, எத்தனை தடவை. மொழி சொல்லாவிட்டால் தமிழ். தடவை சொல்லாவிட்டால் இரண்டு. நேரடியாக அழைத்தால் சரி. ரிஃப்ளெக்ஷன் வழியாக, பெயரை மட்டும் வைத்து ஓடும்போதே தேடி அழைத்தால் செயலி விழுகிறது. மூன்று வேண்டும், ஒன்றுதான் வந்தது என்கிறது. சொல்லாவிட்டால் எடுக்கவென்று வைத்த இயல்புநிலைப் பெறுமானங்களை அது பார்ப்பதே இல்லை.

ஜூன் 18, புதன்
விடுபட்ட இரண்டுக்கும் வெற்றுப் பெறுமானம் (null) அனுப்பிப் பார்த்தேன். அதற்கும் விழுந்தது.

என் குழுவில் இருக்கும் நிலூஃபா: "மொழியே இல்லாம எப்படிப் பேசும்? நீயும் நேத்துல இருந்து அப்படித்தான் இரிக்கிற."

சிரிப்பு வரவில்லை.

ஜூன் 19, வியாழன்
தலைவலி. வேறு வழி தெரியாமல் 'தமிழ்', 'இரண்டு' என்று அழைக்கும் இடத்திலேயே எழுதிவிட்டேன். ஓடியது. நிலூஃபா கட்லட் வாங்கித் தந்தாள். பாதியை அவளிடமே கொடுத்தேன். ஒரே பெறுமானம் இரண்டு இடங்களில். ஒன்றை மாற்றினால் மற்றதற்குத் தெரியாது.

ஜூன் 20, வெள்ளி
மிஸ் சார்புக்குள் போய் இரண்டை மூன்றாக மாற்றினார். செயலி இரண்டு தடவைதான் பேசியது.

"மூணு எங்க புள்ள?"

நிலூஃபா என்னைப் பார்த்தாள். நான் அழைக்கும் இடத்தில் எழுதிவைத்த 'இரண்டு' என்பதைத் திறந்து காட்டினேன்.

"நீங்க எழுதினத நீங்களே நம்பல்ல போல," என்றார் மிஸ். மற்றக் குழுவைத் தெரிவுசெய்துவிட்டார்.

பாடசாலை விட்ட பிறகும் லேபில். கடைசியில் கண்டுபிடித்தேன்: ரிஃப்ளெக்ஷனில் அழைக்கும் கட்டளை 'கோல்' (call) அல்ல, 'கோல்பை' (callBy). பரமானமும் பெறுமானமும் சோடி சோடியாகக் கொடுக்க வேண்டும். விடுவதைச் சேர்க்கவே கூடாது, வெறுமையாகக்கூட. அப்போதுதான் சார்பு தன்னிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளும். மூன்று தடவை பேசியது. கேட்க யாருமில்லை.

வீட்டில் அப்பா: "என்னம்மா, ஓடுச்சா?"

"ஓடுச்சுப்பா."

தெரிவாகவில்லை என்பதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த தவணை கண்டி பஸ் சீசன் டிக்கெட்டுக்கு என் போட்டோ இருக்கிறதா என்று அலுமாரியில் தேடிக்கொண்டிருக்கிறார்.