மில் வாங்க வந்தவர்

செவ்வாய், இரவு.

மூட்டு தேய்ந்துவிட்டது, இனி நிற்க முடியாது என்றுதான் என் மாவு மில்லை விற்க நினைத்தேன். புரோக்கர் அனுப்பிய திருக்கோவிலூர்க்காரர் இன்று வந்தார். துணைக்கு வந்திருந்த என் தம்பியிடம், "ஓனரு, மோட்டார் எப்படிங்க?" என்றார். ஒரு நாள்கூட மில்லில் நிற்காதவன், "சூப்பரா ஓடிக்கினு இருக்குதுங்க" என்று காலாட்டினான்.

அந்தப் பெரிய மனுஷர் கடைசியில்தான் என்னைப் பார்த்தார். "நான் வாங்கினாலும் நீ இங்கயே இரும்மா. கூட்டிப் பெருக்க ஆள் வேணும்."

தம்பி மறுக்கவில்லை. இளித்தான்.

துடைப்பத்தை எடுத்தேன். "இப்பவே பெருக்கறேன். ரெண்டு பேரும் வெளிய போங்க."

"இன்னாக்கா இது!" என்று தம்பி பதறினான். தரை மாவைக் கிளப்பிவிட்டேன். வந்தவர் இருமிக்கொண்டே ஓடினார்.

புரோக்கரிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். சற்றுமுன் தம்பி போன் செய்து கத்தினான். மரியாதை போய்விட்டதாம். "யாரோடதுடா?" என்றேன். வைத்துவிட்டான்.